நல்லசிவம் உதித்த நாள்

வருஷத்தின் மிக நீண்ட இரவன்று, முறைப்படி அழைக்கிற ஏதாவது ஒரு வீட்டில் சூரியன் தங்கிவிட்டுப் போவது வழக்கம். அந்த மார்கழியில் அவர் வந்தது, கோவை சிங்காநல்லூரில் இரண்டாவது மாடியில் குடியிருந்த நல்லசிவத்தின் வீட்டுக்கு.

நல்லசிவம் ஒரு பம்பு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தான். வருஷத்துக்கு ஒரு புதுப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்வான். போன வருஷம் பேலியோ உணவு. அதற்கு முன்பு புல்லாங்குழல். இரண்டும் பொங்கலைத் தாண்டவில்லை. இந்த முறை, இயற்கையைக் கும்பிட்ட பழைய ஐரோப்பியர்களின் பேகன் வழியில் சூரியனின் மறுபிறப்பை வீட்டிலேயே கொண்டாடுவதென்று முடிவு செய்தான். பைன் கிளை கிடைக்காததால் சவுக்குக் கிளையைக் கதவில் கட்டினான். கணப்படுப்பில் எரிக்கவேண்டிய பெரிய கட்டையை இரும்புச் சட்டியில் வைத்துப் பால்கனியில் கொளுத்தினான். அது எரியாமல் புகைந்தது. மேல்வீட்டுக்காரர்கள் காய்ந்த துணிகளை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு விளக்குகளை அணைத்து, ஒற்றை மெழுகுவத்தியின் முன் நின்று, "கதிரவனே, எம் இல்லம் வருக" என்று தன் சொந்த மொழிபெயர்ப்பைக் கணீரென்று வாசித்தான்.

"பக்கத்து வீட்ல கரண்ட் போயிருச்சுன்னு ஃப்யூஸைப் பாத்துட்டு இருக்காங்க" என்றாள் மனைவி பூங்கோதை.

காலிங்பெல் அடித்தது. சூரியன் நின்றிருந்தார். மங்கலான ஆரஞ்சு நிறம், கழுத்தில் மஃப்ளர், லேசான இருமல்.

"புகைய வெச்சுத்தான் வீட்டைக் கண்டுபிடிச்சேன்" என்றார்.

பூங்கோதை சுக்குக் காபி கொடுத்தாள். சோபா கருகாமலிருக்க ஈரத்துண்டு விரித்துப் படுக்கவைத்தாள்.

காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. "இன்னிக்கு முடியாதுங்க. தினமும் ஒரே வேலை, ஒரே வழி. கொஞ்சம் குறைஞ்சா எங்க காணோம்ங்கிறாங்க. கொஞ்சம் கூடுனா குடையை விரிக்கிறாங்க."

இந்த இடத்தில் வீட்டுக்காரன் நாலு நல்ல வார்த்தை சொல்லிச் சூரியனைத் தேற்றி அனுப்பவேண்டும் என்பது முறை. அதையும் நல்லசிவம் எழுதி வைத்திருந்தான். ஆனால் காலை நேரங்களில் அவனே யாராவது தேற்றி அனுப்பவேண்டிய ஆள். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, "எனக்கும் அப்படித்தான் இருக்குதுங்க ஐயா" என்றான்.

வெளியே விடியவில்லை. பால்காரர் டார்ச் அடித்துப் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போனார். பள்ளிக்கூட வேன்கள் விளக்கைப் போட்டபடி ஊர்ந்தன.

"கூப்பிட்டது நீங்கதானுங்க. அவருக்கு முடியலைன்னா நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் பூங்கோதை.

அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. எங்கிருந்து ஏறவேண்டும் என்று சூரியன் சொல்லிக்கொடுத்தார். நல்லசிவம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பஸ் பிடித்துச் சூலூருக்குப் போய், குளத்துக்குப் பின்னாலிருந்து உதித்தான்.

தொப்பையோடு ஏறுவது சுலபமாயில்லை. ஒண்டிப்புதூருக்கு மேலே நின்று மூச்சு வாங்கினான். கீழே வடகம் பிழியவந்த பெண்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு மாவை மூடி எடுத்துப்போனார்கள். "பல்பு போட்டாப்பல இருக்குது" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னது மேலே வரை கேட்டது. அவனுக்கு மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை.

சிங்காநல்லூருக்கு மேலே வந்தபோது பூங்கோதை மொட்டை மாடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவன் இருந்த வெளிச்சத்துக்கு அவசியமே இல்லை. இருந்தும் கண் கூசுகிறவள்போல் நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். நல்லசிவம் அந்தத் தெருவுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்தான்.

உச்சி வரை ஏறத் தெம்பில்லை. தெற்குப் பக்கமாகச் சாய்வாகவே நடந்து, முழங்கால் கெஞ்சவே, நேரத்தோடு பேரூருக்கு அந்தப்பக்கம் இறங்கிவிட்டான். அன்றைய பகல் குறுகிப்போனது அப்படித்தான்.

டவுன் பஸ்ஸில் வீடு திரும்பினான். சூரியன் அவனுடைய சட்டையில், அவனுடைய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"சும்மா படுத்திருக்க முடியல. உங்க ஆபீஸுக்குப் போயிட்டு வந்தேன்."

"யாரும் ஒண்ணும் கேக்கலீங்களா?"

"முகம் தெளிவா இருக்குதுன்னாங்க. சாயங்காலம் மேனேஜராக்கிட்டாங்க." சூரியன் டம்ளரைக் கீழே வைத்தார். "நாளையிலிருந்து உங்களுக்கு நேரம் கொஞ்சங் கொஞ்சமாக் கூடும். சித்திரையிலதான் சிரமம்."

நல்லசிவம் தலையாட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிக்கொண்டே சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னான்:

"பூங்கோதை, நாளைக்குப் புளிசாதம் கட்டிரு. அங்க தயிர் தாங்காது."