எதிரே வந்த யோகம் மாமி

பூனை குறுக்கே போனால் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போகிற ஆள் நான். "ஏலே சுடலைக்கண்ணு, இன்னைக்கு எந்தப் பூனைலே?" என்று ஸ்டாண்டில் கேலி செய்யாதவன் கிடையாது. செய்துவிட்டுப் போகட்டும்.

நெல்லையில் டவுன் பஸ் போகிற சாலையை ஒட்டித்தான் அந்த இலங்கை அகதிகள் முகாம். வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அங்கேயே பிறந்தவர்கள் பிள்ளை பெற்றுவிட்டார்கள். வரிசையாக ஒற்றை அறை வீடுகள். நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டிலிருந்து வெந்நீர் வரும்.

அங்கிருந்து துஷாந்தினி என்ற பிள்ளையை பிளஸ் டூ பரீட்சைக்குக் கூட்டிப்போனேன். அவளும் என்னைப் போலத்தான், சகுனம் பார்ப்பாள். அடுத்த வீட்டு யோகம் மாமி பொட்டும் பூவுமாகத் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தால்தான் வண்டியில் ஏறுவாள்.

வேதியியல் பரீட்சையன்று முகாம் தலைவர் என்னை வாசலிலேயே நிறுத்தினார். படுக்கையில் கிடந்த யோகம் மாமியின் புருஷன் விடியற்காலையில் இறந்துவிட்டாராம். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை இருக்கிறாள் என்று மாமி வாய்விட்டு அழக்கூட இல்லையாம். பிள்ளை பரீட்சை ஹாலுக்குள் போனதும் போன் பண்ணச் சொன்னார்.

உள்ளே போனேன். ஒருத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள், ஒருத்தர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் தினமும் போலவே இருந்தது. துஷாந்தினி வெளியே வந்தாள்.

எதிரே மாமி வந்தார். பொட்டு, பூ, குடம். சிரிக்கவும் செய்தார்.

"வடிவா எழுதிப்போட்டு வா, பிள்ளை."

குடத்துத் தண்ணீர் ஒரு சொட்டு சிந்தவில்லை. சாஸ்திரப்படி பார்த்தால் இதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது. எனக்கோ வண்டியை விட்டு இறங்கி அந்த அம்மா காலில் விழலாம் போலிருந்தது. ஒரு மனுஷிக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று மலைத்துப்போனேன்.

பிள்ளை ஹாலுக்குள் போகும்வரை நின்று பார்த்தேன். அதைப் போனில் சொல்ல மனசு வரவில்லை, முகாமுக்கே திரும்பினேன்.

மாமி புருஷன் காலடியில் உட்கார்ந்திருந்தார். நெற்றிப் பொட்டு அப்படியே இருந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்தியிருந்தார். வாசலில் கூடியிருந்த சனம் மொத்தமும் என் முகத்தையே பார்த்தது.

மாமி முந்தானையை எடுத்தார். "பிள்ளை போயிட்டாளோ?"

"உள்ள போயிட்டாம்மா. இனி நீங்க அழுங்க."