கேள்வித்தாள் நோயாளிக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத எனக்கு எந்த உந்துதலும் வரவில்லை. என் மனைவி சாருலதா என் செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பத்து நாளாக விடாத காய்ச்சல், கழுத்தில் ஒரு கட்டி. மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கட்டியிலிருந்து ஒரு துணுக்கை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமைதான் வருமாம். அதுவரை போன் கையில் இருந்தால் நானே தேடித் தேடி எனக்கொரு வியாதியைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவளுக்குப் பயம். (நியாயமான பயம். முதல் நாளே ஏழு கண்டுபிடித்திருந்தேன்.) போன் போனது. ஒரு பேனாவும், பின்பக்கம் காலியாக இருந்த ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுப் பட்டியல் தாள்களும் மிஞ்சின. என்னைப் போன்றவர்களை வைத்துக்கொண்டு தமிழ் இலக்கியம் இப்படித்தான் வளர்கிறது.

கதாநாயகியைத் தேடி நான் அலையவில்லை. தினமும் காலையில் அவளே வந்து என் நரம்பில் ஊசி குத்தினாள். சிஸ்டர் கனகலட்சுமி, முப்பத்தொரு வயது, பேரையூர்க்காரி, பத்து வருட சர்வீஸ். கடல் தாண்டி ஒரு நாட்டில்* போய் நர்ஸாக வேலை பார்ப்பதற்கு ஒரு லைசென்ஸ் பரீட்சை இருக்கிறது. அதை நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் தோற்றிருக்கிறாள். ஐந்தாவதுதான் கடைசி, அதற்கு மேல் உட்கார விடமாட்டார்கள். அது வருகிற சனிக்கிழமை.

(* எந்த நாடு என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் அந்த நாட்டு விதிமுறையைத் தேடிப் படித்துவிட்டு, கதாசிரியருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எழுதுவீர்கள். உங்கள் கையில் போன் இருக்கிறது.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"யானைமலைக்குப் பின்னால் சூரியன் எழுந்தபோது கனகலட்சுமியின் கண்களில் ஒரு—"

அடித்துவிட்டேன். என் ஜன்னலில் யானைமலை தெரிகிறது என்பதற்காக அதைக் கதைக்குள் இழுத்துவர வேண்டியதில்லை. அவள் கண்களில் இருந்தது தூக்கம்.

"தோல்வி என்பது வெற்றியின்—"

இதை எழுதிய கை என்னுடையதுதானா என்று பார்த்துக்கொண்டேன். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கை. மருந்தின் வேலையாக இருக்கும்.

"கனகலட்சுமி ஏழைக் குடும்பத்தில் பிறந்த—"

இதைப் படித்தால் அவள் அப்பா பேயாண்டி சண்டைக்கு வருவார். நாலு ஏக்கர் கிணற்றுப் பாசனமும் மூன்று கறவை மாடும் இருக்கின்றன அவருக்கு.

3

ஃபிளெக்ஸிலிருந்து தொடங்குவதே நியாயம். மதுரை ஜில்லாவில் காது குத்தினாலும் ஃபிளெக்ஸ், காது குத்தியவனுக்குக் கல்யாணமானாலும் ஃபிளெக்ஸ். பரீட்சை மட்டும் என்ன பாவம் செய்தது? கனகலட்சுமி முதல் தடவை எழுதக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிய அன்றே, அவள் அண்ணன் சிவக்குமார் பேரையூர் பஸ் ஸ்டாண்டில் எட்டடிக்குப் பத்தடியில் ஒன்றை நிறுத்திவிட்டான். 'கடல் கடந்து சேவை செய்யப் புறப்படும் எங்கள் குலவிளக்கே!' பின்னால் ஒரு விமானம், அதன் இறக்கைக்குக் கீழே வெள்ளை உடுப்பில் கனகலட்சுமி, அவள் காலடியில் கூலிங்கிளாஸ் போட்ட பதினாறு மாப்பிள்ளைகள், அதாவது அண்ணனின் கூட்டாளிகள். அவள் போவது எந்த நாடு என்று அந்தப் பதினாறு பேரில் ஒருவனுக்கும் தெரியாது.

எழுதி முடித்ததும் கம்ப்யூட்டரே ரிசல்ட்டைச் சொல்லிவிட்டது. திரும்பி வந்து ஆரப்பாளையத்தில் இறங்கியவள், பஸ் ஸ்டாண்டின் கட்டணக் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டியதால் அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். பிறகு அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, அத எறக்கிரு."

"எறக்கணுமா? மூணு நாளைக்குப் பெர்மிசன் வாங்கிருக்கேன்ல!"

பெர்மிசன் வீணாகக் கூடாது என்று மூன்று நாளும் அவள் ஊர் முன்னால் சிரித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் தடவை தோற்றபோது அழவில்லை. அதே ஆரப்பாளையத்தில் நான்கு பரோட்டா, சால்னாவை இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றாள். மூன்றாம் தடவை ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள். நான்காம் தடவை எதுவும் செய்யவில்லை, பஸ் மாறி நேரே வார்டுக்கு வந்து எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்தாள். கேட்பதற்கு இந்த நான்காவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஃபிளெக்ஸ் இப்போது மாட்டுக்கொட்டகைக் கூரை. படம் கீழ்ப்பக்கம் பார்த்திருப்பதால் மாடுகள் அண்ணாந்தால் குலவிளக்கைப் பார்க்கலாம். போன வாரம் பேயாண்டி போன் செய்தார். கனகலட்சுமி என் பக்கத்தில் நின்று மாத்திரை எண்ணிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

"தாயி, ஒன் மூஞ்சில ஓட்டை விழுந்துருச்சு. மழைக்கு ஒழுகுது. நீ இந்தத் தடவ பாஸாயிருவேன்னா சொல்லு, புதுப் போர்டு வரும், பழசோட சேத்துப் போட்டுக்கிறலாம். இல்லேன்னா தார்ப்பாய் வாங்கிருறேன். நான் ஒன்னும் சொல்லல, எதுன்னாலும் சரிதான்."

"தார்ப்பாயே வாங்கிருங்கப்பா."

"சரித்தா. ரெண்டு நாள் பொறுத்து வாங்குறேன்" என்றார் பேயாண்டி. பரீட்சைக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது. அவர் இன்னும் வாங்கவில்லை.

4

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. ஒளிந்துகொள்வதில் தேர்ந்தவை என் நரம்புகள், அவற்றை முதல் குத்திலேயே பிடித்துவிடுகிறாள். சின்ன டாக்டர் கேஸ் ஷீட்டில் தப்பாக எழுதிய அளவை, அவர் முகம் கோணாதபடி அவரையே திருத்த வைக்கிறாள். இவள் எப்படித் தோற்பாள்? வாசகர் நம்புவாரா? வாசகர் கிடக்கட்டும், எனக்கே நம்பிக்கை இல்லாமல் அவளிடமே கேட்டேன்.

பழைய காலண்டர் தாளில் அட்டை போட்ட கொழுத்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். தமிழில் குறிப்புகள், அடிக்கோடுகள், ஒரு பக்கத்தில் சால்னாக் கறை.

"நாலு விடை இருக்கும் சார். மூணு சரி மாதிரியே இருக்கும். நர்ஸு மொதல்ல என்ன செய்யணும்னு கேப்பாங்க. மொதல்லன்னா நான் எப்பவுமே சொந்தக்காரவுகளத்தான் தேடுவேன். அங்கதான் சார் அடி வாங்குறேன்."

"புரியவில்லை" என்றேன்.

"இந்தப் புத்தகத்துல வர்ற பேசண்டுக்கெல்லாம் சொந்தக்காரவுகளே கெடையாது. இருந்தாலும் அவுகளக் கேக்கக் கூடாதாம். ஆப்பரேசனுக்குச் சம்மதம்னாலும் பேசண்டுகிட்டத்தான் கேக்கணும், ரிப்போர்ட்டுன்னாலும் அவர்கிட்டத்தான் சொல்லணும். நம்ம வார்டுல நடக்குமா சார்? போன மாசம் மேலூர்க்காரர் ஒருத்தர் குடலிறக்கத்துக்கு வந்தாரு. பொண்டாட்டி, ரெண்டு மச்சினன், பெரியப்பா, தூக்குவாளியோட ஒரு அக்கா. பரீட்சைக்குப் பழகுவோம்னு அவர்கிட்டயே போயி, 'ஐயா, ஆப்பரேசனுக்கு உங்களுக்குச் சம்மதமா'ன்னு கேட்டேன். பதறிப் போயிட்டாரு. 'என்னையக் கேட்டா எனக்கு என்ன தெரியும், எங்க அண்ணனக் கேளுங்க'ங்குறாரு."

அண்ணன் துபாயில் இருந்தாராம். வீடியோ காலில் சம்மதம் வாங்கினார்கள்.

கதைக்குள் ஒரு லட்சியத்தைச் சொருகவேண்டிய கட்டம் வந்துவிட்டதால், ஏன் இவ்வளவு பாடுபட்டு அங்கே போக வேண்டும் என்று கேட்டேன். அம்மாவுக்கு ஆப்பரேசன், தங்கைக்குக் கல்யாணம் என்று ஏதாவது வரும் என்று பேனாவைத் தயாராக வைத்திருந்தேன்.

"அங்க ஒரு நர்ஸுக்கு அஞ்சு பேசண்டுதானாம் சார். இங்க எனக்கு முப்பத்திரெண்டு. அஞ்சு பேருன்னா ஒக்காந்து மூஞ்சியப் பாத்துப் பேசலாம்ல?"

[இதற்குச் சமமாக நான் இட்டுக்கட்டிய மூன்று காரணங்களையும் அடித்துவிட்டேன்.]

5

அதன் பிறகு நான் அவளுக்கு வாத்தியாரானேன். அவள் ட்ரிப்ஸ் மாற்றுகிற இரண்டு நிமிஷத்தில் நான் ஒரு கேள்வி படிப்பேன், அவள் விடை சொல்வாள். வியாழக்கிழமை காலை நூற்றுப்பன்னிரண்டாம் கேள்வி.

"அறுபது வயது நோயாளி. பரிசோதனை முடிவு மோசமாக வந்திருக்கிறது. அவரிடம் சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொள்கிறார்கள். நோயாளி நர்ஸைப் பார்த்து, 'ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது' என்று கேட்கிறார். நர்ஸ் முதலில்—"

படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குக் குரல் இறங்கியது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கேள்வித்தாள் இரண்டு வருடம் கூட்டிப் போட்டிருந்தது.

அவள் கவனித்த மாதிரித் தெரியவில்லை. குழாயில் காற்றுக் குமிழியைச் சுண்டியபடி, "டாக்டர் வந்து சொல்வாருன்னு சொல்லிட்டு, வெளிய போயி மகன்கிட்டப் பேசுவேன்" என்றாள்.

பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். "தப்பு. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டுமாம்."

"அவர்கிட்டயேவா?" கை நின்றுவிட்டது. "பத்து வருசத்துல ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்ல சார். நாலு பரீட்சைலயும் இந்த மாதிரி ஒன்னு வந்துச்சு. நாலு தடவையும் மகனத்தான் தேடிப் போனேன்."

பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, 'அவர்கிட்டயே கேள்' என்று எழுதிப் புறங்கையில் ஒட்டிக்கொண்டாள். வார்டில் எல்லா நர்ஸுகளும் மறந்துபோகக் கூடாததை இப்படித்தான் எழுதி ஒட்டிக்கொள்கிறார்கள். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். புத்தகத்தை வாங்கிக்கொண்டு, இன்னும் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள் என்று போய்விட்டாள்.

6

முடிவுகள். என்னிடம் இரண்டு இருந்தன.

முதலாவது: ஐந்தாம் தடவை பாஸாகிறாள். பேரையூரில் புது ஃபிளெக்ஸ், இப்போது மாப்பிள்ளைகள் முப்பத்திரண்டு. மீனாட்சியம்மனுக்கு ஒரு பட்டுப்பாவாடை. வாசகர் மகிழ்ந்து, அடுத்த பக்கத்து ஜோசியத்துக்குப் போய்விடுவார்.

இரண்டாவது: தோற்கிறாள். ஆரப்பாளையத்தில் மழை. பேயாண்டி தார்ப்பாயோடு காத்து நிற்கிறார். பத்திரிகை ஆசிரியர்களுக்கு இது பிடிக்கும். 'வலி மிகுந்த எழுத்து' என்று எழுதி, ஆறு மாதம் கழித்துத் திருப்பி அனுப்புவார்கள். நான் எழுதிய கதைகளில் பாதிக்கு மேல் அப்படித் திரும்பி வந்தவைதான். எத்தனை தடவை தோற்கலாம் என்று எனக்கு யாரும் வரம்பு வைக்காததால் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டையும் விட்டுவிட்டேன். ஏனென்றால் இன்று வெள்ளிக்கிழமை, மணி பதினொன்று, கதை என்னைக் கேட்காமல் நடக்கத் தொடங்கிவிட்டது.

அறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. வராந்தாவில் என் மைத்துனன் கிரிதர் நிற்கிறான், கையில் பழுப்புக் கவர். பாங்க்கில் மானேஜர், எந்தக் கவரையும் முதலில் பிரிக்கும் உரிமை தனக்குத்தான் என்று நம்புகிறவன். பக்கத்தில் சாருலதா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டுகிறாள். நடுவில் சிஸ்டர் கனகலட்சுமி. மத்தியானத்தோடு டூட்டி முடித்துக் கோயம்புத்தூர் பஸ் ஏற வேண்டியவள்.

"சிஸ்டர், அத்திம்பேர்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்கோ. டாக்டர்கிட்டயும் சொல்லியாச்சு. சாதாரணக் கட்டின்னு நாங்களே பக்குவமாச் சொல்லிக்கறோம்" என்கிறான் கிரிதர். ரகசியமாம். இரண்டு அறை தள்ளிக்கூடக் கேட்டிருக்கும்.

அவள் தலையாட்டுகிறாள். பத்து வருடமாக ஆட்டிய தலை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு மாதிரிச் சொல்ல ஆறு தடவை முயன்றேன், ஆறையும் அடித்துவிட்டேன். பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே வந்துவிட்டாள். கேட்கிறேன்: "சிஸ்டர், ரிப்போர்ட் வந்துவிட்டதா?"

நர்ஸ் முதலில் என்ன செய்வாள்?

அ) "ஒன்னுமில்ல சார், டாக்டர் வந்து சொல்வாரு" என்பாள்.
ஆ) வெளியே போய் என் மனைவியை அனுப்புவாள்.
இ) காய்ச்சல் பார்ப்பாள்.
ஈ) எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்று என்னிடமே கேட்பாள்.

சரியான விடை உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், புறங்கையில் நேற்று ஒட்டியது இன்னும் இருக்கிறது, ஓரம் மட்டும் அழுக்காகிவிட்டது. அவள் 'இ' பக்கம் போகிறாள். தெர்மாமீட்டரை எடுத்து உதறுகிறாள். கையைப் பார்க்கிறாள். தெர்மாமீட்டரை மேஜைமேல் வைக்கிறாள்.

கதவைச் சாத்துகிறாள். வெளியே கிரிதரின் வாய் திறந்தபடி மறைகிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். இத்தனை நாளில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சார், எம்புட்டுத் தெரிஞ்சுக்கணும்னு நெனைக்கிறீங்க?"

நாளைக்கு அவள் பாஸா ஃபெயிலா என்பது எனக்கும் தெரியாது. பேரையூர்ப் பக்கம் போகிறவர்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். என் கணக்கில் அவள் இப்போதே பாஸ். இனிப் பரீட்சை எழுத வேண்டியவன் நான்தான், எனக்கு முதலில் வாய்க்கு வருகிற விடை என்ன தெரியுமா? 'என்னை ஏன் கேக்கறேள், சாருவைக் கேளுங்கோ.' மேலூர்க்காரர் கதையைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்தேன் அல்லவா? அவர் சொன்ன அதே விடைதான்.

அவள் காத்திருக்கிறாள். முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முப்பத்தொரு பேரும் மணியடிக்கலாம், எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை.

நான் சொன்னேன், "எனக்கு—"

இதற்கு மேல் தாளும் இல்லை, எழுதுகிற கையையும் அவள் பிடித்துக்கொண்டாள். மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் முதலில் என்னிடம் காட்டுங்கள், என் மைத்துனனிடம் கொடுத்துவிடாதீர்கள்.