அர்த்தநாரியின் பாவங்கள்

ஞானசம்பந்தம் மூன்றாவது தாளைப் புரட்டியபோது, பாடை தூக்க நின்றவர்கள் இரண்டாவது பீடிக்குப் போய்விட்டார்கள்.

"எங்கள் அண்ணன் அர்த்தநாரி பொய்யறியாதவர், பின்னலாடைத் தொழிலின் பேரொளி..."

நெசவாளர் சங்கத்துச் செயலாளரான தம்பிக்குச் சாவு வீட்டிலும் ஒரு மேடை வேண்டியிருந்தது.

அந்தப் பேரொளி, இருபத்தேழு வருஷமாக வாராவாரம், கம்பெனி கழித்துப் போட்ட செகண்ட்ஸ் பனியன் மூட்டையை பஸ் கூரையில் ஏற்றிக் கோத்தகிரிச் சந்தைக்குப் போய், கேரட்டோடு திரும்பிய மனிதர். கேரட்டோடு கொஞ்சம் பூகோளமும் வரும். கீழே பஸ் ஸ்டாண்டு, மேலே சந்தை, அதற்கு மேலே மாதா கோயில், அதற்கும் மேலே மேகம். தேயிலை நட்ட வெள்ளைக்காரன் போய்விட்டான். பறிக்கச் சிலோனிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். படகர், கோத்தர், மலையாளத்து டீக்கடைக்காரர், கன்னடத்துக் கடலைக்காரி, எல்லோருக்கும் குளிர் ஒன்றுதான், பனியன் சைஸ்தான் வேறே என்பார். "நானும் ஒருக்கா வாரனுங்க" என்று மனைவி நல்லம்மாள் கேட்டால் மட்டும், "கொண்டை ஊசி வளைவுல உனக்குத் தலை சுத்தும் அம்மிணி" என்பார். இருபத்தேழு வருஷமும் அதே வளைவு.

அங்கே அவருக்கு அப்படி என்ன இருந்தது என்பது நல்லம்மாள் மனசில் வேகாத பருப்பாகக் கிடந்தது.

இப்போது அந்த ஊரே திருப்பூருக்கு வந்திருந்தது. தந்தி கண்டு முதல் பஸ்ஸில் இறங்கிய பதினோரு பேர், வைகாசி வெயிலில் கோட்டும் தலைப்பாகையுமாக. அதில் பெண்கள் இரண்டே பேர். நல்லம்மாள் உற்றுப் பார்த்தாள். இருவருக்குமே பல் இல்லை.

உரை முடிந்ததும் படகர் பெரியவர் பெள்ளன் எழுந்தார்.

"நல்லதெல்லாம் சொல்லிட்டீங்க. பாவத்தை யார் சொல்றது?"

"ஏனுங்க, எங்கண்ணனுக்கு ஏதுங்க பாவம்?" என்றார் ஞானசம்பந்தம்.

"சொல்லி இறக்காம எங்க பக்கம் யாரையும் அனுப்ப மாட்டோம். சுமையோட எப்படி நடப்பார்? எங்கப்பனுக்கும் இதையேதான் சொன்னோம். எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"கொலகாரனுக்குச் சொல்றதை எங்கண்ணனுக்குச் சொல்லுவீங்களா?"

"சொல்லட்டுங்க கொழுந்தனாரே" என்றாள் நல்லம்மாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

பெள்ளன் தலைமாட்டில் நின்றார்.

"பாம்பை அடிச்சிருந்தா..."

"போகட்டும்!" என்றார்கள் மலைக்காரர்கள்.

"தண்ணி கேட்டவனை விரட்டியிருந்தா..."

"போகட்டும்!"

"எல்லைக் கல்லை நகர்த்தியிருந்தா..."

பொதுச்சுவரை அண்ணன் பக்கம் ஒரு முழம் தள்ளிக் கட்டிய ஞானசம்பந்தம், தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இந்தத் தடவை 'போகட்டும்' சொன்னதில் திருப்பூர்க் குரல் ஒன்றும் இருந்தது.

"வீட்டுக்காரிக்குப் பொய் சொல்லியிருந்தா..."

"இருங்க." நல்லம்மாள் எழுந்துவிட்டாள். "அங்க அவருக்கு யாருங்க இருந்தா?"

பெள்ளன் கூட வந்தவர்களைப் பார்த்தார்.

"நாங்கதான் அம்மா இருந்தோம்."

"கூட்டிட்டு வா, கூட்டிட்டு வான்னு சொல்லி எனக்கு வாய் வலிச்சுது" என்றார் டீக்கடைக்காரர். "அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லும்."

நல்லம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அதையுஞ் சேத்துச் சொல்லுங்க. என்னை ஒருநாளும் கூட்டிட்டுப் போகலீங்க."

பெள்ளனின் பாட்டன் காலத்திலிருந்து அந்த வரிசையில் யாரும் எதையும் சேர்த்ததில்லை. அவர் தலைப்பாகைக்குள் விரல் விட்டுச் சொறிந்தார். பிறகு குரலை உயர்த்தினார்.

"வீட்டுக்காரியை ஒருநாளும் மலைக்குக் கூட்டி வராத பாவம்..."

"போகட்டும்!"

தெருவே சொன்னது. நல்லம்மாள் மட்டும் சொல்லவில்லை. பாடைக்குக் குனிந்தவர்களைப் பெள்ளன் கையமர்த்தினார். குனிந்தபடியே நின்றார்கள். எங்கோ ஒரு சைக்கிள் மணி அடித்து ஓய்ந்தது.

"போகட்டுங்க" என்றாள்.

பாடை முக்குத் திரும்பி மறைந்தது. பல் இல்லாத இருவரில் ஒருத்தி, பெள்ளனின் மனைவி, நல்லம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தினாள். உச்சி வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. நல்லம்மாள் சால்வையின் முனையை இழுத்துக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.