பலகையில் இல்லாத கயிறு

பலகையில் இருந்த மற்றதெல்லாம் சத்தியநேசனுக்குத் தெரிந்தது. கயிற்றைத் தொட்டால் மட்டும் சுட்டுக்கொண்டவனைப் போலக் கையை இழுத்துக்கொண்டான். கயிறு முறுக்கியே பிழைத்த மனுஷன். ஏன் என்று அவன் மனைவி பூங்கனிக்கு விளங்கவில்லை.

விஷக்காய்ச்சல் அவன் கண்ணையும் நினைவையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது. ஆனால் ஒரு நாள் கதவுக் கொண்டியைத் தடவிவிட்டு, நம்ம வீடு என்றான். விரல் மறக்கவில்லை என்று கண்டுகொண்டவள், உடைந்த வள்ளத்திலிருந்து ஒரு பலகையைப் பெயர்த்து வந்தாள். பழைய கொண்டி ஒன்றை அதில் ஆணி வைத்து அறைந்தாள். சிரட்டை, சைக்கிள் டியூப், செல்லாமல் போன ராஜா காலத்துச் சக்கரக் காசு எல்லாம் ஏறின. இடையில் நாலு விரல் அகலம் விட்டாள். நெருங்கியிருந்தால் விரல் ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிடும். கயிற்றுக்கு மட்டும் அடுத்த வீட்டு ஞானபாயிடம் கேட்டு, சீரான நல்ல கயிறாக வாங்கி அறைந்தாள்.

காசைத் தொட்டால் சக்கரம் என்பான். சிரட்டையைத் தொட்டால் பசி என்பான். பூங்கனி கஞ்சியோடு போனால், நீ ஆரு என்று வாயை மூடிக்கொள்வான். உடம்பு பாதியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்ததும் அவன் அண்ணன் முத்துநாயகம் வில்வண்டியோடு வந்துவிட்டார். "ஒனக்க கையால தின்ன மாட்டேங்கான், பிள்ளே. குழித்துறைக்கு எனக்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பலகையாவது கூடப் போகட்டும் என்று அதைச் சுவரில் மாட்டத் தோதாக, தான் திரித்துக் கழித்துப்போட்ட கயிற்றில் ஒரு முழம் எடுத்துக் கட்டி அவன் மடியில் வைத்தாள். அவன் கை பலகை விளிம்பில் ஏறி அந்தக் கயிற்றைப் பிடித்தது. நின்றது. மெல்ல நகர்ந்தது.

"பூங்கனி எப்பம் வந்தா?"

காய்ச்சலுக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வராத பெயர்.

கயிறு திரிக்கும் ராட்டையை ஒருவர் சுற்ற, மற்றவர் தேங்காய்நார்த் தும்பை விட்டுக்கொண்டே பின்னால் நடந்தால் கயிறு நீளும். பூங்கனிக்கு வலது கால் சற்றுக் குட்டை. அந்தக் கால் வைக்கும்போது இழுப்பு கூடிக் கயிறு மெலியும். இடது கால் வைக்கும்போது தடிக்கும். "ஒனக்க கயிறும் நொண்டுது, ஏட்டி" என்று ஞானபாய் சிரிப்பாள். அந்த வெட்கத்தில்தான் தன் கயிற்றைப் பலகையில் வைக்காமல் விட்டாள். ஆனால் அவள் திரித்த இழைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து முறுக்கியது அவன் உள்ளங்கை. அவள் நடை முழுவதும் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. அவன் பலகையில் தேடியது அதைத்தான். கையில் பட்டதோ ஊரான் கயிறு.

அண்ணன் வெளியே போய், வண்டிக்காரனிடம் மாட்டை அவிழ்க்கச் சொன்னார்.

ஞானபாயின் கயிற்றைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் பூங்கனி தன் கயிற்றை அறைந்தாள். ஒரு முனை பலகையில்; மறுமுனை அவள் மணிக்கட்டில். அவன் அதைப் பிடித்துக்கொண்டு கஞ்சி குடிக்கிறான்.