இரண்டால் வகுக்காத வரி

புதிய கட்டுரைக்காகப் பழைய கணினி நிரலைத் திறந்த இர்ஃபானா நானூற்றுப் பன்னிரண்டாவது வரியைக் கண்டதும் அப்படியே உறைந்துபோனாள்.

அதிவேகத்தில் புரோட்டான்கள் மோதும்போது இரண்டு ஒளித்துகள்கள் சேர்ந்து பிறக்கும் வாய்ப்பு எவ்வளவு? அவளும் சீனியர் புகழேந்தியும் மூன்று வருடம் போட்டு, ஆய்விதழில் கட்டுரையாக வெளியிட்ட கணக்கு அது. இரண்டு துகள்களும் அச்சு அசலாக ஒன்றே. இது முதலாவது, அது இரண்டாவது என்று பிரிக்க முடியாது. ஒரே நிகழ்வை இருமுறை எண்ணிவிடாமலிருக்க விடையை இரண்டால் வகுக்க வேண்டும். அவர்கள் புதிதாகச் சேர்த்த பகுதியில் மட்டும் அந்த வகுத்தல் இல்லை.

வகுத்து நிரலை மறுபடி ஓட்டினாள். வரைபடத்தில் சோதனைப் புள்ளிகளைத் தொட்டுச் சென்ற கோடு, ஊரே பாராட்டிய கோடு, சரிந்து கீழே இறங்கியது.

இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து அவருடைய ஊருக்குப் போனாள். சம்பா நடவுக்காக லீவு போட்டிருந்த புகழேந்தி வரப்பில் நின்று நாற்றுமுடிகளை வீசிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நம்ம கணக்குல ஒரு தப்பு இருக்கு."

அவர் திரும்பவில்லை. "நானூத்திப் பன்னெண்டாவது வரிதானே?"

"உங்களுக்கு... எப்பத் தெரியும்?"

"தை மாசமே தெரியும். என் வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நிரந்தரம் ஆனப்புறம் சொல்ல வாய் வரல."

எட்டு மாதம். அதற்குள் அவள் நான்கு ஊர்களில் அந்தக் கோட்டைத் திரையில் காட்டிப் பேசியிருந்தாள். ஆடியில் சென்னையில் பேசியபோது முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் கைதட்டியவர் இவர்.

"கைதட்டினீங்களேண்ணா!"

அவர் நாற்றுமுடியைக் கீழே போட்டார். நடவாட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நான் இப்பவே பத்திரிகைக்கு எழுதப்போறேன்."

"எழுது. எனக்குத் தெரிஞ்சிருந்ததுன்னும் எழுது. இல்ல, அதை நீ எழுத வேணாம், போனைக் குடு, நானே எழுதறேன்."

கைச்சேற்றை வாய்க்காலில் கழுவிவிட்டு, வரப்பிலேயே உட்கார்ந்து அந்த ஒரு வரியை எழுதினார். பத்து நிமிடம் பிடித்தது.

ஐப்பசியில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இர்ஃபானாவுக்கு ஜெர்மனியிலிருந்து வந்திருந்த அழைப்பு ரத்தானது. புகழேந்தியைக் கல்லூரி விசாரணைக்கு அழைத்தது. அவர் எதையும் மறுக்கவில்லை. கல்லூரியில் அவர் எதிரே வந்தால் என்ன பேசுவதென்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. வேறு படிக்கட்டில் ஏறிவிடுகிறாள்.