அக்கா ஓட்டுற ஃபெர்ரிக்கு நாங்க போட்ட மாட்

எங்க அக்கா ஃபெர்ரியில கயிறு கட்டுறவ. ஸ்டியரிங் பக்கம் போனாலே கேப்டன், "கை வைக்காதம்மா"ன்னுடுவாரு. டெஸ்ட்ல ஓட்டிக் காட்டுனாதான் கேப்டனா ப்ரமோஷன். ஓட்டவே விடமாட்டாங்களாம், ஆனா ஓட்டத் தெரியணுமாம். நல்லா இருக்குல்ல?

"அதான் நான் இருக்கேன்ல"ன்னேன்.

எங்ககிட்ட ஒரு அரதப்பழசு கப்பல் கேம் இருக்கு. செஞ்ச கம்பெனியே மறந்துடுச்சு, எங்க குரூப் மட்டும் விடல. புதுசு புதுசா நாங்களே கப்பல் செஞ்சு அதுல சேப்போம். அதான் மாட். இந்த தடவ அக்காவோட ஃபெர்ரியையே செஞ்சோம். துருக்கறை வரையறதுக்குன்னே ஒருத்தன் இருக்கான், அவன் பேரே துரு. படிக்கட்டுக்கு அடியில இருக்குற கறைய கூட விடல அவன். நான் நேர்ல போயி ஹாரன் சத்தம், கக்கூஸ் கதவு கிறீச்சுங்குறது, எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ணேன். டவுன்லோட் பிச்சுக்கிச்சு.

அக்கா சாப்பாட்டுத் தட்ட மடியில வச்சுக்கிட்டே கேம்ல ஓட்டுவா. கரைக்கிட்ட வந்து ரிவர்ஸ் போட்டா பூ மாதிரி நிக்கும். "நான் பொறந்ததே இதுக்குத்தான்டா!"

டெஸ்ட்லயும் அதே எடத்துலதான் ரிவர்ஸ் போட்டா. நிக்கல. கரையோரம் கட்டியிருந்த டயர்ல போயி டமால்!

வீட்டுக்கு வந்ததும் பைய என் மேலயே எறிஞ்சா. "எருமை! உன் கப்பல் எவ்ளோ வெயிட்டுடா?"

பாத்தேன். ஸ்பீட்போட் வெயிட்டு. எங்க குரூப்ல எல்லாருமே அப்படித்தான், கேம்ல இருக்குற ஸ்பீட்போட்ட எடுத்து மேல புது உடம்ப மாட்டிடுவோம். வெயிட்டெல்லாம் எவன் கணக்குப் போடுறது, செம போர்.

"இன்னும் ஒரே சான்ஸ்டா. விட்டா கடைசி வரைக்கும் கயிறுதான் எனக்கு."

ஒக்காந்து நெஜ ஃபெர்ரி வெயிட்டுக்கு மாத்துனேன். அக்கா பக்கத்துலயே நின்னு, "இல்ல, இன்னும் வழுக்கணும். இன்னும்!"னு உயிர எடுத்தா.

துரு ஃபோன்ல கத்துனான். "டேய், இத எவன்டா ஓட்டுவான்?"

"அவ ஒருத்தி ஓட்டுனா போதும், வைடா."

அக்கா இடிச்சு இடிச்சு கேம்ல கரையையே காலி பண்ணா. அப்புறம் ரொம்ப தள்ளியே ரிவர்ஸ் போடக் கத்துக்கிட்டா. அடுத்த டெஸ்ட்ல பாஸ்!

புது வெர்ஷனுக்கு திட்டுன்னா திட்டு. ஒருத்தன், "குப்பை. நிஜ ஃபெர்ரி இப்படியா ஓடும்? கப்பல கண்ணால பாத்திருக்கீங்களா?"ன்னு கேட்டான்.

அக்கா வேலைக்கு கெளம்புற அவசரத்துலயும் பதில் போட்டா: "அதே ஃபெர்ரியதாங்க நான் ஓட்டுறேன். இப்படித்தான் ஓடும்."

பொய் சொல்றாளாம்னு அவள குரூப்ப விட்டே தூக்கிட்டாங்க. அட்மினுக்கு மெசேஜ் போட்டேன், "அண்ணா, அவங்க நெஜமாவே கேப்டன். எங்க சொந்த அக்கா."

"எல்லாரும் இப்படித்தான்பா சொல்றாங்க"ன்னு பதில் வந்துச்சு.