பின்பக்கத்து அறைக்குப் போட்ட கணக்கு

சுதாகரனுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு ஜெயந்தினிக்குக் காலைப்பொழுது என்றாலே பயமாகிவிட்டது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்த ஆள். வட்டகொடைக்கு மேலே அவன் லொறி ஏறாத ரோடு கிடையாது. இப்போது வீட்டு வாசலைத் தாண்டுவதற்கே அவளுடைய தோள் வேண்டியிருந்தது.

அவர்களுடையது லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா. கக்கூஸ் கீழே, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒழுங்கான படி இல்லை. மண்ணை வெட்டிக் கல்லைப் பதித்திருந்தார்கள். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் ஜெயந்தினி அவனைத் தாங்கிப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போவாள். திரும்ப ஏற்றிக் கொண்டுவந்து கதிரையில் உட்காரவைத்துவிட்டுத்தான் கூடையைத் தூக்குவாள். ஒரு மழைநாளில் இரண்டு பேரும் வழுக்கி விழுந்துவிட்டார்கள். விழுந்தது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினார்களே, அதுதான் அவனை உள்ளுக்குள் அறுத்தது. அதற்குப் பிறகு பகலில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டான். கேட்டால் தாகமில்லை என்பான்.

அவனுடைய சேவைக்காலப் பணம் கைக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே யோசனைதான் வந்தது. பின்பக்கத்துச் சுவரை உடைத்து, அங்கே ஒரு சின்ன அறையும் அதோடு ஒட்டிக் கக்கூஸும் கட்டிவிட வேண்டும். தோட்டத்து ஆபீஸில் ஜெயந்தினி நாலைந்து தடவை போய் நின்று அனுமதியும் வாங்கிவிட்டாள்.

"மூனு லட்சத்துக்குள்ள முடிச்சிரலாம்" என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். மேசன் வேலை பார்க்கும் வடிவேல் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. வந்தான், சுவரைத் தட்டிப் பார்த்தான், பின்னால் இருந்த மண்மேட்டில் ஏறி நின்று கொஞ்ச நேரம் கீழே பார்த்தான். பிறகு தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

"தங்கச்சி, மூனுல கட்டலாம். கூர போடாம நிப்பாட்டணும். அப்புடி நிக்கிற வீடு இந்த டிவிசன்லயே எத்தன இருக்குன்னு பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"அப்ப எவ்வளவுண்ணே ஆகும்?" என்றாள் ஜெயந்தினி.

"அவசரப்படாம உக்காந்து போடுவோம். லொறி மேல் ரோட்டோட நின்னுரும். அங்கேருந்து மணலும் கல்லும் தலச்சொமையா எறங்கணும். அந்தக் கூலிய யாருமே கணக்குல சேக்க மாட்டாங்க. குழி வெட்டணும். பாற வந்துச்சுன்னா அது வேற செலவு."

கதிரையில் சாய்ந்து கிடந்த சுதாகரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் பேச்சு குழறும். அதனால் ஆட்கள் வந்தால் பேசமாட்டான். அன்றைக்குப் பேசினான்.

"மணலுக்கு நான் ஆள் பாக்குறேன். ரெண்டு எடத்துல வாங்காம ஒரே லோடா எடுத்தா லொறி ஹயர் கூலி கொறையும். வரும்போதே சீமெந்தையும் ஏத்திக்கிட்டா இன்னொரு ஹயர் மிச்சம்."

வடிவேல் சிரித்தான். "இது என் மண்டைக்கு வரலியே மச்சான்."

அன்றிலிருந்து வீடே மாறிப்போனது. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் சுதாகரன் வலது கையால் எழுதுவான், அடிப்பான், திரும்ப எழுதுவான். கூட வேலை செய்த டிரைவர்மாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விலை கேட்டான். இத்தனை மாதமாக யார் போன் எடுத்தாலும் பேசாதவன், கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் கௌசிக்குத் தானே போன் போட்டு, "கல்லு வெல கொறைஞ்சிருக்கு, தெரியுமா?" என்று ஆரம்பித்தான். கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வரும்போது அவன் யாரோடோ பேரம் பேசும் சத்தம் கேட்டால் ஜெயந்தினிக்குக் கால்வலி தெரியாது.

சண்டையும் வந்தது. கூட்டிப் பார்த்தால் கையில் இருந்ததைத் தாண்டிப் போனது. எதையாவது வெட்டியாக வேண்டும். முன்னறைக்குப் போட நினைத்த டைல்ஸ் போவதில் இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. குசினியில் நின்றுகொண்டே சமைப்பதற்கு ஒரு திட்டு கட்டுவதாக இருந்தது. ஜெயந்தினி அதைக் கணக்கிலிருந்து அடிக்கச் சொன்னாள்.

"ஒன் குசினிய வெட்டிட்டு எனக்குக் கக்கூஸ் கட்டுறதா? நான் எழுதமாட்டேன்."

"நீங்க எழுத வேணாம். பேனையக் குடுங்க."

"வேணும்னா கைப்பிடிக் கம்பிய வெட்டு. நான் செவத்தப் புடிச்சிக்கிட்டு எழும்பிக்குவேன்."

"எழும்பிக் கிழிச்சீங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கோபப்படவில்லை. வாய் கோணச் சிரித்தான். விழுந்ததற்குப் பிறகு அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. திட்டு அடிபட்டது. கம்பி நின்றது.

கடைசியாக வடிவேல் இன்னொன்று சொன்னான். "ஒரு தொகைய தனியா ஒதுக்கி வைங்க. எதுக்குன்னு இப்ப சொல்லத் தெரியாது. செவத்த ஒடைச்சா உள்ள என்ன இருக்கும்னு எனக்கே தெரியாது. மழையில வேல நிக்கும். வெல ஏறும். அது இல்லாமத்தான் முக்காவாசிப் பேரு பாதியில நிப்பாட்டுறாங்க."

சுதாகரன் அதற்கும் ஒரு தொகை போட்டு, பக்கத்தில் 'வேற' என்று எழுதினான்.

விலை ஏறிவிடும் என்று அவனுக்குத்தான் அவசரம். கதிரை மாதிரி உட்காரும் கொமட்டும் கைப்பிடிக் கம்பியும் முதலிலேயே வாங்கிவிடச் சொன்னான். தலவாக்கலைக் கடையில் வீட்டுக்காரருக்கு என்று சொல்லி வாங்கி, சாக்கு சுற்றி முன்னறை மூலையில் வைத்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் அவன் அதைக் காட்டினான். மழை விட்டதும் வேலை தொடங்கியது. குழியில் பாறை வரவில்லை. சுவரை உடைத்து, பிறகு ஒரு சக்கர நாற்காலி வாங்கினாலும் போகிற அகலத்துக்குக் கதவுநிலை வைத்தார்கள். அதற்கான சறுக்குப் பாதையைக் கடைசியில் போடுவதாக இருந்தது. சுதாகரன் ஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு கல்லையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூரைக்குத் தகரம் வருகிற அன்றைக்குக் காலையில் அவனை எழுப்பப் போன ஜெயந்தினிக்கு அவன் கண் திறந்திருந்தது தெரிந்தது. கூப்பிட்டாள், பார்வை திரும்பவில்லை. தகரம் கொண்டுவந்த லொறியிலேயேதான் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஓட்டியவன் அவனோடு வேலை செய்தவன். வழியெல்லாம் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினான். மறுநாள் பகலில் சுதாகரன் போய்விட்டான்.

மரண உதவிச் சங்கத்துக் காசு சவப்பெட்டிக்கும் பந்தலுக்கும்கூடப் போதவில்லை. கௌசி அழுதுகொண்டே, "கைல ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டாள். ஜெயந்தினி துணிப்பெட்டிக்கடியிலிருந்து 'வேற' என்று ஒதுக்கிய அந்தத் தனித் தொகையை எடுத்துக் கொடுத்தாள். அவன் கையால் எழுதி ஒதுக்கிய பணத்தில்தான் அவனைத் தேயிலைக்கு நடுவே கொண்டுபோய் அடக்கினார்கள்.

கருமாதி முடிந்து வடிவேல் வந்தான். உட்காராமல் நின்றான்.

"தங்கச்சி, என்ன செய்யிறதுன்னு நீங்கதான் சொல்லணும். இப்புடியே விட்டா அடுத்த மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்துரும்."

"மூடிக் குடுத்துருங்கண்ணே. சாதாரணமா போதும்."

"அந்தக் கம்பி? கொமட்டு?"

கௌசிதான், "திருப்பிக் குடுத்துப் பாக்குறோம் மாமா" என்றாள்.

இரண்டு பேரும் சாக்கோடு தூக்கிக்கொண்டு மேல் ரோடு ஏறித் தலவாக்கலைக்கு பஸ் பிடித்தார்கள். கடைக்காரர் சாக்கை அவிழ்த்துக் கீறல் இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்ல சாமான் தானேம்மா. ஏன் திருப்புறீங்க?"

கௌசி வாயைத் திறப்பதற்குள் ஜெயந்தினி சொன்னாள். "அளவு சரியில்லைங்க."

"அளவு எடுத்துட்டுத்தானே வந்திருப்பீங்க?"

"எடுத்துட்டுத்தாங்க வந்தோம்."

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. கௌசி காசை வாங்கிக்கொண்டு, சாதாரணக் கக்கூஸ் கோப்பை ஒன்றும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, ஜெயந்தினி கடைக்கு அடுத்த சந்தில் சுவரில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலும் மயானத்திலும் வராத அழுகை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு சிங்களப் பெண் கடையிலிருந்து தண்ணீர் வாங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் கௌசியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"சாவுக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் சொன்னேன்டி" என்றாள் ஜெயந்தினி. "அவரு செத்துட்டாருன்னு வாயால சொன்னேன். இந்தக் கடக்காரர்கிட்ட சொல்ல முடியல. அவரு இன்னும் இருக்காருன்னு நெனச்சுக்கிட்டிருக்க ஒரு ஆளாவது இருக்கட்டும்னு தோணிச்சு."

கௌசி கொழும்புக்குத் திரும்பிப் போனாள். ஜெயந்தினி மலைக்குப் போனாள். ஒரு மாதத்துக்குள் வடிவேல் அறையை முடித்துவிட்டான். அகலமாக வைத்த நிலையை மட்டும் மாற்ற முடியவில்லை, அப்படியே விட்டான்.

கடைசி நாள் சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு வந்து கணக்கு ஒப்பித்தான். மணல் இவ்வளவு, கூலி இவ்வளவு. ஜெயந்தினி தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

"போட்டதவிட கொறைச்சலாத்தான் வந்திருக்கு தங்கச்சி. கொஞ்சம் மிஞ்சுது" என்றான்.

கேட்டு அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தான் போல. அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். சறுக்குப் பாதை போடவில்லை, கம்பி வைக்கவில்லை, கொமட்டு வைக்கவில்லை, அதனால் மிஞ்சியது. இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான்.

"அந்தக் குசினித் திட்ட வேணும்னா நாளைக்கு வந்து கட்டிக் குடுத்துர்றேன். மச்சான் அதுக்கு ரொம்பச் சண்ட போட்டாரு" என்றான் வடிவேல்.

"வேணாம்ணே."

"இருக்க சாமான்லயே முடிஞ்சிரும்."

"இப்ப வேணாம்ணே. பெறகு பாப்போம்."

வடிவேல் கரண்டியையும் தூக்குக்குண்டையும் பையில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினான். மேல் ரோட்டுக்கு அவன் போய்ச் சேரும்வரை ஜெயந்தினி வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, புதுச் சீமெந்து வாசம் போகாத அந்த அறையின் தரையில் முந்தானையை விரித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.